சிரிக்க வைத்த சிவாஜி

1967 தீபாவளிக்கு, நவம்பர் 1ஆம் தேதி, சிவாஜி கணேசனின் இரண்டு படங்கள் ஒரே நாளில் திரைக்கு வந்தன. ஒன்று ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய ‘இரு மலர்கள்’. காதலியைப் பிரிந்து, வேறொருத்தியைக் கரம்பிடித்து, பழைய காதல் எதிரில் வந்து நிற்கும்போது நெஞ்சுக்குள்ளேயே புழுங்கும் ஒருவனின் கதை. மற்றொன்று ஸ்ரீதர் இயக்கிய ‘ஊட்டி வரை உறவு’. ரகசியத்தை மூடி மறைக்கப் படாதபாடு படும் பாலையா, ஆள்மாறாட்டம், நாகேஷ், துள்ளலான பாட்டுகள் என்று தொடக்கம் முதல் கடைசி வரை கலகலப்பு. இரண்டிலும் கதாநாயகன் சிவாஜி, இரண்டிலும் கே.ஆர்.விஜயா உண்டு. பகல் காட்சிக்கு ஒரு கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள், மாலைக் காட்சிக்கு இன்னொரு கொட்டகையில் அதே மனிதரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க முடிந்தது.

ஆனால் சிவாஜியைப் பற்றிய பேச்சில் அந்த இரண்டாவது கொட்டகை அநேகமாகக் காணாமல் போய்விட்டது. கட்டபொம்மன், கர்ணன், வ.உ.சி., ‘பாசமலர்’ ராஜசேகரன், ‘வியட்நாம் வீடு’ பத்மநாபன் என்று நினைவுக்கு வருகிற பெயர்கள் எல்லாம் கனமானவை. முந்நூறுக்குச் சற்றுக் குறைவான படங்களில் நடித்த ஒருவரின் சிறந்த பத்துப் படங்களைச் சொல்லச் சொன்னால் ‘சபாஷ் மீனா’வையோ ‘பலே பாண்டியா’வையோ அதில் சேர்ப்பவர்கள் குறைவு. சேர்த்தாலும், “சிவாஜி காமெடியும் பண்ணியிருக்கார்” என்ற அளவில் போகிறபோக்கில் ஒரு வார்த்தை. இந்த “உம்” விகுதிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சிவாஜியின் நகைச்சுவை அவருடைய நடிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று என்று நினைப்பது தவறு. அது அவருடைய நடிப்பின் நடுவிலேயே இருந்தது. கண்ணீர் வரவழைத்த அதே கருவிகளால்தான் சிரிப்பையும் வரவழைத்தார்.

சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். 1952 தீபாவளிக்கு வந்த முதல் படமான ‘பராசக்தி’யையே எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றக் காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு வெகுநேரம் முன்பு, பர்மாவிலிருந்து வந்து இறங்கிய குணசேகரன் சென்னையில் பணத்தைப் பறிகொடுக்கிறான். வயிற்றுப்பாட்டுக்காகப் பைத்தியக்காரன் வேடம் போடுகிறான். தெருவில் போவோர் வருவோரை மடக்கி, பேச்சால் மிரட்டி, கிறுக்கன் போலச் சிரித்து, அடுத்த கணமே கிறுக்கு இல்லாத கண்களால் ஊரை அளந்து பார்க்கிறான். கலைஞரின் வசனத்தில் இருக்கிற குத்தல், புதுமுகத்தின் உடம்பில் சேட்டையாக மாறுகிறது. அறிமுக நடிகனிடம் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது அழகும் குரலும். இங்கே கேட்கப்பட்டது கோமாளித்தனத்துக்குள் கோபத்தை ஒளித்து வைக்கும் வித்தை. இருபத்துச் சொச்சம் வயதில் அதை அவர் அநாயாசமாகச் செய்திருக்கிறார். நீதிமன்றத்தில் எழும் குரலுக்கு அத்தனை கனம் வந்ததற்கு, அதற்கு முன்னால் அதே குரல் தெருவில் கேலி பேசிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சீதையாக வேடம் கட்டினார். ஸ்திரீபார்ட்டும் போட்டார், வேறு பார்ட்டும் போட்டார். பாய்ஸ் கம்பெனிப் பயிற்சியில் அழுகைக்கு ஓர் ஆள், சிரிப்புக்கு ஓர் ஆள் என்ற வசதி கிடையாது. இன்றைக்கு ராஜபார்ட், நாளைக்கு யாருக்காவது காய்ச்சல் என்றால் பபூன். எல்லோருடைய பாடமும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த வட்டத்தில் அவருக்கு மூத்தவராக எம்.ஆர்.ராதா இருந்தார், தோழனாகக் காகா ராதாகிருஷ்ணன் இருந்தார். இருவரும் பிறகு தமிழ்ப் படங்களில் ஆளுக்கொரு விதமாகச் சிரிப்பூட்டிப் பேர் வாங்கியவர்கள். 1946இல் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்ய’த்தில் மராட்டிய மன்னனாக நடித்ததைப் பார்த்து, பெரியார் அவரைச் ‘சிவாஜி’ என்று அழைத்ததைத் தமிழ்நாடு முழுக்க அறியும். மன்னர் வேடத்தால் கிடைத்த அந்தப் பெயர் மேல் மன்னர்களின் கனமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

‘பராசக்தி’க்கு இரண்டே மாதம் கழித்து வெளியான ‘பணம்’ படத்தை இயக்கியவர் யார் தெரியுமா? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். சிவாஜியும் பத்மினியும் முதன்முதலில் ஜோடி சேர்ந்த படம் என்பதால்தான் அது பேசப்படுகிறது. தமிழின் மாபெரும் சிரிப்புக் கலைஞர் ஒருவரின் கைக்குள் சிவாஜி தன் தொடக்க நாட்களிலேயே இருந்தார் என்பது பேசப்படுவதில்லை.

என்.எஸ்.கே.யின் பெயர் வந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவாஜியின் நகைச்சுவை மறக்கப்பட்டதற்கு முதல் காரணம் தமிழ் சினிமாவின் கட்டமைப்பு. கலைவாணரும் டி.ஏ.மதுரமும் தங்களுக்கென்று தனியாகக் கதை, வசனம், பாட்டு அமைத்துக்கொண்டு படத்துக்குள் ஒரு குட்டிப்படமே நடத்தினார்கள். அது பெரிய வெற்றி பெற்றதால் ‘காமெடி டிராக்’ என்பது நிரந்தர ஏற்பாடாகிவிட்டது. கதாநாயகன் ஒரு பக்கம், சிரிப்பு இன்னொரு பக்கம். தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ், சோ, பிறகு கவுண்டமணி–செந்தில், வடிவேலு என்று அந்தத் தனிப் பாதையில் மேதைகள் வரிசையாக வந்தார்கள். தமிழக அரசின் திரைப்பட விருதுகளிலும் சிறந்த நகைச்சுவை நடிகர் என்று தனிப் பிரிவே உண்டு. சிரிப்பு அந்தத் தனி அறைக்குள் இருப்பவர்களின் தொழில் என்று ஆனபின், கதாநாயகன் சிரிக்க வைத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

‘அறிவாளி’ (1963) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’வைத் தழுவிய படம். அடங்காத மனைவியாக பானுமதி, அவரை வழிக்குக் கொண்டுவரும் கணவனாக சிவாஜி. படத்தின் முதுகெலும்பே இந்த இருவரின் வாய்ச்சண்டைதான். ஒருவர் போட்ட பந்தை மற்றவர் தரையில் விழ விடுவதில்லை. பெண்ணை அடக்குவது என்ற கதையின் நோக்கம் இன்றைக்கு உவப்பாக இல்லை. அது வேறு விவாதம். இருவரின் வேகம் மட்டும் இன்றும் குறையவில்லை. ஆனால் ‘அறிவாளி’ என்றதும் தமிழர்கள் சொல்வது தங்கவேலுவும் முத்துலட்சுமியும் பூரி சுடும் காட்சியை. அந்தக் காட்சி சாகாவரம் பெற்றது, சந்தேகமே இல்லை. அதற்காக, மீதிப் படம் முழுவதும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த கதாநாயகனையும் கதாநாயகியையும் யாரும் நகைச்சுவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நியாயமா?

பி.ஆர்.பந்துலுவின் பெயரை இந்த விஷயத்தில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘கர்ணன்’ (1964) ஆகிய மூன்று பெரிய சிலைகளையும் வடித்தவர் அவர்தான். அதே பந்துலுதான் ‘சபாஷ் மீனா’வையும் (1958), ‘பலே பாண்டியா’வையும் (1962) இயக்கினார். அவருடைய பத்மினி பிக்சர்ஸ் நிறுவனம் அதற்கும் முன்பே, 1954இல், ப.நீலகண்டன் இயக்கத்தில் சிவாஜியை வைத்து ‘கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி’ என்ற முழுநீள நகைச்சுவைப் படத்தை எடுத்திருந்தது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கட்டபொம்மனுக்கு முந்தைய ஆண்டு சபாஷ் மீனா. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.க்கு அடுத்த ஆண்டு பலே பாண்டியா. சிவாஜியை நெருங்கிப் பார்த்த ஓர் இயக்குநர், வீரமும் வேடிக்கையும் ஒரே ஊற்றிலிருந்து வருவதை அறிந்திருந்தார்.

‘சபாஷ் மீனா’வில் சிவாஜி பொறுப்பில்லாத பணக்காரப் பிள்ளை மோகன். கண்டிப்பான அப்பா அவனைத் திருத்துவதற்காகச் சென்னையில் நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார். மோகனோ தன் பெயரில் நண்பன் சேகரை அங்கே அனுப்பிவிட்டு ஊர் சுற்றுகிறான். சேகராகவும், அவனைப் போலவே இருக்கும் ரிக்‌ஷாக்காரனாகவும் வருபவர் சந்திரபாபு. இந்தப் படத்தில் சந்திரபாபுவுக்குக் கிடைத்த இடம் கதாநாயகனுக்குச் சமமானது. சிவாஜி அதைப் பறிக்கவும் இல்லை, போட்டி போட்டுக் கூச்சலிடவும் இல்லை. சந்திரபாபு உடம்பை வளைத்து நெளித்துக் காற்றில் மிதக்கும்போது, இவர் தரையில் காலூன்றி நின்று, ஒரு புருவத்தாலும் ஒரு பெருமூச்சாலும் பதில் சொல்கிறார். பந்துலுவே இந்தக் கதையை இந்தியில் ‘தில் தேரா தீவானா’ (1962) என்று எடுத்தார். சிவாஜியின் இடத்தில் ஷம்மி கபூர், சந்திரபாபுவின் இடத்தில் மெஹ்மூத். மெஹ்மூதுக்குச் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புரியும்: ஷம்மி கபூர் காதலனாக ஜொலிக்கிறார், சிவாஜி பொய் சொல்லும் மனிதனாக நடிக்கிறார். பொய் மேல் பொய் அடுக்கும்போது அடுத்த பொய்யை யோசிக்கும் அந்த அரைக் கணம் அவர் கண்ணில் தெரிகிறது. சிரிப்பு அந்த அரைக் கணத்தில்தான் இருக்கிறது. ‘சபாஷ் மீனா’வின் சாயலைப் பல பத்தாண்டு கழித்து, 1996இல், சுந்தர் சி. ‘உள்ளத்தை அள்ளித்தா’வில் எடுத்தாண்டபோதும் தியேட்டர்கள் குலுங்கின.

‘பலே பாண்டியா’ இன்னும் துணிச்சலானது. சிவாஜி அமெரிக்கா புறப்படுவதற்கு முன் சில நாட்களுக்குள் மளமளவென்று எடுத்து முடிக்கப்பட்ட படம் என்பது திரையுலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அந்த அவசரமே படத்துக்கு ஒரு வேகம் கொடுத்துவிட்டது. தற்கொலை செய்துகொள்ளப் போகும் பாண்டியனை ரவுடி கபாலி தடுத்துக் காப்பாற்றுகிறான். கருணையால் அல்ல; தன் கூட்டாளி மருதுவைப் போலவே இவன் இருப்பதால், மருதுவுக்குப் பதில் இவனைப் பிணமாக்கிப் போலீஸை ஏமாற்றலாம் என்ற கணக்கு. சாவை மையமாக வைத்துக்கொண்டு சிரிக்கும் கதை 1962இல் தமிழுக்குப் புதிது. சிவாஜிக்கு மூன்று வேடம்: அப்பாவி பாண்டியன், முரடன் மருது, விஞ்ஞானி சங்கர். எம்.ஆர்.ராதாவுக்கு இரண்டு.

மூன்று வேடத்தையும் ஒப்பனை அதிகம் இல்லாமல் நடையாலும் குரலாலும் பிரித்துக் காட்டுகிறார். ஆனால் படத்தின் உச்சம் வருங்கால மாமனாரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து நடத்தும் கச்சேரிப் பாட்டு. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாட, ராதாவுக்கு எம்.ராஜு பாடியிருக்கிறார். அந்தப் பாட்டில் சிவாஜி என்ன செய்கிறார் என்று கவனித்தால் ஒரு பாடமே கிடைக்கும். கர்நாடக சங்கீத வித்வானின் அத்தனை லட்சணங்களையும் பிசகாமல் கொண்டுவருகிறார்: கண்மூடி ஆலாபனை, கழுத்தின் திருப்பம், சங்கதி விழும் இடத்தில் கை உயர்வது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. கேலி என்ற எண்ணமே முகத்தில் இல்லை. பக்கத்தில் ராதா நிமிஷத்துக்கு நிமிஷம் சாமி வந்தவர்போல் ஆகிறார். ஒருவர் இலக்கணத்தை விடாப்பிடியாகப் பிடித்திருப்பதால்தான் மற்றவர் அதை உடைப்பது சிரிப்பாகிறது. பிறகு ராதாவின் கூத்து சிவாஜியையும் தொற்றிக்கொள்கிறது. வித்வானின் கம்பீரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஆறு ஆண்டு கழித்து ‘தில்லானா மோகனாம்பா’ளில் நாதஸ்வரக் கலைஞராக அவர் கன்னத்தை உப்பி, விரல்களை ஓட்டி வாசித்ததைப் பார்த்து வித்வான்களே வியந்தார்கள் என்பார்கள். அதே கூர்ந்த பார்வை இங்கே வேடிக்கைக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒன்றைப் பாராட்டி மற்றதைச் சிரித்து மறந்துவிட்டோம்.

நகைச்சுவையில் எல்லோரும் பார்ப்பது சிரிப்பு மூட்டுகிறவரை. அவருக்கு எதிரே நின்று சிரிக்காமல் இருப்பவரின் வேலை கண்ணுக்குத் தெரியாது. அந்த இரண்டாவது வேலையில் சிவாஜிக்கு நிகராகத் தமிழில் ஒருவரைச் சொல்வது கடினம்.

‘திருவிளையாட’லின் (1965) தருமி காட்சி நாகேஷுடையது, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மண்டபத்தில் தனியாகப் புலம்பும் ஏழைப் புலவன், பின்னால் வந்து நிற்கும் கடவுள், பிறகு கேள்வியும் பதிலுமாக ஒரு சொற்போர். நாகேஷ் தன்னை மிஞ்சிவிட்டதை உணர்ந்தும், அந்தக் காட்சியில் ஒரு அடி ஃபிலிமைக்கூட வெட்டக்கூடாது என்று சிவாஜி சொன்னதாக ஒரு செய்தி பரவலாக உண்டு. அவருடைய பெருந்தன்மைக்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். அதைவிடப் பெரிய சான்று காட்சியிலேயே இருக்கிறது. கேள்விகள் எத்தனை வேகமாக வந்தாலும் சிவாஜியின் பதில் அதே வேகத்தில், அதே சுருதியில், ஒரு துளியும் சிரிக்காமல் வருகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் அவர் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் நாகேஷின் அடுத்த வரி படுத்திருக்கும். தருமி நெளிகிறான், குழைகிறான், துள்ளுகிறான். இறைவன் அசையாமல் நின்று, கண்ணோரத்தில் மட்டும் ரசிக்கிறான். அந்த அசையாமை இல்லையென்றால் அந்தத் துள்ளலுக்கு அளவுகோல் இல்லை.

அதே படத்தின் விறகுவெட்டி பகுதியில் அவரே களத்தில் இறங்குகிறார். அழுக்கு வேட்டியும் கலைந்த தலையுமாக மதுரைத் தெருவில் விறகு விற்கிறார். ஹேமநாத பாகவதராக வரும் பாலையாவின் வீட்டுத் திண்ணையில் துண்டை உதறிப் படுக்கிறார். பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போய், லாயக்கில்லை என்று தள்ளப்பட்டவன் தான் என்று அப்பாவியாகச் சொல்லும்போது பாலையாவின் முகம் போகிற போக்கு இருக்கிறதே! அங்கே பாலையாவை நாம் ரசிக்கிறோம். ரசிக்க வைப்பது எதிரில் இருப்பவரின் கள்ளமில்லாத முகம்.

‘தில்லானா மோகனாம்பா’ளிலும் இதேதான். நாகேஷின் வைத்தி, பாலையாவின் தவில்காரர், மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணி என்று சுற்றிலும் சிரிப்புக் கலைஞர்கள். நாயனத்தின் ஓசை வாசிப்பவரால் வருகிறதா, இல்லை எல்லா நாயனமும் இப்படித்தானா என்று ரமாமணி வெள்ளந்தியாகக் கேட்கும் இடத்தை நினைத்துப் பார்க்கலாம். கர்வத்தின் மறுபெயரான சிக்கல் சண்முகசுந்தரத்திடம் வேறு யார் கேட்டிருந்தாலும் அடிதடியாகியிருக்கும். கோபப்பட முடியாமல், சிரிக்கவும் மனமில்லாமல், கடைசியில் அந்த வெகுளித்தனத்துக்குத் தோற்றுப்போகும் ஒரு கலைஞனின் முகம் அங்கே சிவாஜியிடம் தெரிகிறது. மனோரமாவுக்கு அந்தக் காட்சி வாழ்நாள் பெயர் வாங்கிக் கொடுத்தது. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் இல்லை.

கனமான வேடங்களுக்குள்ளேயே புகுந்திருக்கும் சிரிப்பு தனி ஆராய்ச்சிக்கு உரியது. ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் வசனத்தை வீரவசனம் என்று பள்ளி ஆண்டுவிழாக்களில் மூன்று தலைமுறை பேசியிருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்தால் அது முழுக்க நையாண்டி. வயலுக்கு வந்தாயா, நாற்று நட்டாயா, எங்கள் பெண்களுக்கு மஞ்சள் அரைத்தாயா என்ற போக்கில் போகும் அடுக்குக் கேள்விகள், எதிரியைச் சின்னவனாக்கிக் கேலி செய்யும் கிராமத்து வாய்ச்சண்டையின் நேர்வாரிசுகள். சிவாஜி அதைக் கோபத்தில் தொடங்கவில்லை. ஏளனத்தில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, கடைசியில்தான் இடியாக இறக்குகிறார். பள்ளி மேடைகளில் பிள்ளைகள் முதல் வரியிலிருந்தே கத்துவதால் அந்த ஏளனம் தொலைந்துபோகிறது. 1960இல் கெய்ரோ ஆசிய–ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றுத் தந்த வேடம் அது. அந்த நடிப்புக்குள் நகைச்சுவையின் நேர்த்தியும் இருந்தது.

‘வியட்நாம் வீடு’ (1970) பிரஸ்டீஜ் பத்மநாபனும் அப்படியே. ஓய்வுபெற்று, பிள்ளைகளால் ஒதுக்கப்பட்டு இறக்கும் மனிதர் என்பது கதைச் சுருக்கம். படத்தின் முற்பகுதியில் அவர் ஒரு சிரிப்பான மனிதர். தன் மானம் மரியாதை மீது அவருக்குள்ள அபார நம்பிக்கை, மனைவி சாவித்திரியோடு கொஞ்சலும் சிணுங்கலுமாக நடத்தும் ஊடல், அந்த அக்கிரகாரத் தமிழின் இழுவை எல்லாமே நம்மைச் சிரிக்க வைக்கின்றன. அந்த மனிதரைப் பார்த்து நாம் சிரித்துப் பழகியதால்தான் அவர் சரியும்போது நமக்கு வலிக்கிறது. முதல் காட்சியிலிருந்தே அழுமூஞ்சியாக இருந்திருந்தால் அந்தப் படம் நாடக மேடையோடு நின்றுபோயிருக்கும்.

அதே 1970இல் வந்த ‘ராமன் எத்தனை ராமன’டியில் இந்த உத்தி இன்னும் வெளிப்படை. பி.மாதவன் இயக்கிய அந்தப் படத்தின் முதல் பாதியில் சிவாஜி ஊர்க்காரர்கள் ‘சாப்பாட்டு ராமன்’ என்று கேலி பேசும் வெகுளி. இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் உலகமே மறந்துவிடுகிறவன். வாய் லேசாகத் திறந்திருக்க, தோள் தொங்க, கால் தரையில் உரசும் நடையோடு வரும் அந்த ராமனையும், இரண்டாம் பாதியில் நட்சத்திர நடிகன் விஜயகுமாராக மிடுக்கோடு வருபவனையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே ஆள் என்று நம்புவது சிரமம். வெகுளிப் பாத்திரத்தை நடிப்பவர்கள் வழக்கமாக, “பார், நான் எவ்வளவு அசடாக நடிக்கிறேன்” என்று கண்ணால் சொல்லிவிடுவார்கள். சிவாஜியின் ராமன் அப்படி ஒருமுறைகூடச் சொல்வதில்லை. அவனுக்குப் பசி உண்மை, சோறு உண்மை, காதல் உண்மை. பார்ப்பவருக்குத்தான் அது வேடிக்கை.

‘தெய்வ மகன்’ (1969) ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய முதல் தென்னிந்தியப் படம். முகத்தில் தழும்போடு பிறந்து ஒதுக்கப்பட்ட கண்ணனின் வேதனைக்காக அது நினைக்கப்படுகிறது. அதில் மூன்றாவது வேடமான இளைய மகன் விஜய், செல்லம் கொடுத்து வளர்ந்த, குழைந்து பேசும், நிலைகொள்ளாத உல்லாசப் பிள்ளை. இந்தப் பாத்திரத்தின் உடல்மொழியை இயக்குநர் ஸ்ரீதரின் பாவனைகளிலிருந்து சிவாஜி எடுத்துக்கொண்டதாகச் சொல்வதுண்டு. தந்தை, மூத்தவன், இளையவன் மூவரும் ஒரே அறையில் வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மறைந்து நிற்கும் மூத்தவனின் துயரம் ஒரு பக்கம். குற்ற உணர்வில் இறுகிப்போன தந்தை நடுவில். ஒன்றுமே அறியாமல் அப்பாவிடம் கொஞ்சிப் பணம் கேட்கும் விஜய் மறுபக்கம். அவனுடைய விளையாட்டுத்தனம் இல்லாவிட்டால் அந்தக் காட்சியின் இறுக்கம் தாங்க முடியாததாக இருந்திருக்கும். மூன்று பேருக்கும் தாளம் வேறு. மூன்றும் மோதும் இடத்தில் சிரிப்பும் துக்கமும் ஒன்றாகவே வருகின்றன. மூன்றையும் ஒரே நடிகர் செய்கிறார் என்பது பார்க்கும்போது உறைப்பதில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியும் எழுபதுகளின் தொடக்கமும் சிவாஜியின் சிரிப்புப் பக்கத்தின் பொற்காலம். ‘கலாட்டா கல்யாணம்’ (1968) சித்ராலயா கோபுவின் எழுத்தில் சி.வி.ராஜேந்திரன் இயக்கியது. நான்கு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் கல்யாணம் நடந்தால்தான் சம்மதம் என்கிறார் தங்கவேலு. காதலியை அடைய, மற்ற மூவருக்கும் மாப்பிள்ளை தேடி அலைகிறான் நாயகன். நாகேஷ், சோ, ஏ.வி.எம்.ராஜன் என்று ஆட்களைப் பிடித்து இழுத்து வரும் அந்த அலைச்சலில் சிவாஜி ஒரு குழுவின் ஓர் உறுப்பினராக மட்டுமே இருக்கிறார். நட்சத்திர அந்தஸ்தின் உச்சியில் இருந்தவருக்கு அது எளிதல்ல. ‘மூன்று தெய்வங்க’ளில் (1971) முத்துராமனும் நாகேஷும் அவரும் தப்பியோடிய கைதிகளாக ஒரு நல்ல குடும்பத்துக்குள் நுழைந்து மனம் மாறுகிறார்கள். அதே ஆண்டின் ‘சுமதி என் சுந்தரி’ இலகுவான காதல் நகைச்சுவை. எல்லாவற்றிலும் கோபு, ஸ்ரீதர், ராஜேந்திரன் வட்டாரத்தின் கலகலப்பான நகரத் தமிழ், அவருடைய பழைய அடுக்குமொழியின் இறுக்கத்தைத் தளர்த்தியது.

எல்லாம் பொன் என்று சொல்வதற்கில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில், ரசிகர்களின் விசிலுக்காக வயதுக்கு ஒவ்வாத துள்ளலும் மிகையும் சேர்ந்தன. இருநூறாவது படமான ‘திரிசூல’த்தின் (1979) இளைய நாயகன் குருவிடம் கலகலப்பு இருக்கிறது, ‘பலே பாண்டியா’வின் அளவறிதல் இல்லை. நகைச்சுவையில் மிகை உடனே காட்டிக்கொடுத்துவிடும். சோகத்தில் கொஞ்சம் கூடிப்போனால் ரசிகன் மன்னித்துவிடுவான். பிற்காலத்து இந்தப் படங்களையும், அழுகைக் காட்சிகளை நகலெடுத்த பலகுரல் கலைஞர்களையும் பார்த்தே வளர்ந்த தலைமுறைக்கு, சிவாஜி என்றால் ‘ஓவர் ஆக்டிங்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவரைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, அவரோடு சேர்ந்து சிரிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ‘ஊட்டி வரை உறவு’ நாயகனின் இயல்பான பேச்சை ஒருமுறை கேட்டிருந்தால் அந்தப் பெயர் அவ்வளவு சுலபமாக ஒட்டியிருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிரிப்பு நடிகர் அழ வைத்தால் தமிழ்நாடு அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும். ‘நீர்க்குமிழி’ நாகேஷையும் ‘எதிர்நீச்சல்’ நாகேஷையும் இன்றுவரை புகழ்கிறோம். ‘நம்மவர்’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது வந்தது. ‘மாமன்னன்’ (2023) வந்தபோது வடிவேலுவின் மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாம் தகுதியான பாராட்டுகள். எதிர்த்திசையில் பயணம் செய்த நடிகருக்கு மட்டும் அந்த வியப்பு கிடைப்பதில்லை. அழுகை பெரியது, சிரிப்பு சிறியது என்ற மதிப்பீடு நமக்குள் ஊறியிருக்கிறது. இது பிறகு ஓரளவு மாறியது. ‘தில்லு முல்லு’ (1981) ரஜினிகாந்துக்குப் புதிய முகம் கொடுத்தது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) நான்கு வேடங்களில் கமல்ஹாசனை நகைச்சுவை நடிகராகவும் உச்சத்தில் வைத்தது. நால்வரையும் பேச்சாலும் நடையாலும் பிரித்துக்காட்டிய கமலின் அந்த வித்தைக்கு முன்னோடி எது என்று கேட்டால் ‘பலே பாண்டியா’வின் மூன்று பேரைக் காட்டாமல் இருக்க முடியாது.

சிவாஜிக்கு 1995இல் பிரான்ஸின் செவாலியே விருதும், 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் கிடைத்தன. 2001 ஜூலை 21 அன்று அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளிலும் சிம்மக்குரலும் கட்டபொம்மனும் கர்ணனும்தான் நிறைந்திருந்தன. 2012இல் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்து கூட்டம் கூட்டியது மகிழ்ச்சிக்குரியது. ‘சபாஷ் மீனா’வுக்கும் ‘பலே பாண்டியா’வுக்கும் அதே அக்கறையோடு படச்சுருளைச் சுத்தம் செய்து, ஒலியைத் துலக்கி, பெரிய திரையில் போட வேண்டும். நகைச்சுவைப் படத்தைக் கைப்பேசியில் தனியாகப் பார்ப்பதற்கும் நானூறு பேரோடு சேர்ந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. சிவாஜி எந்த இடத்தில் சிரிப்பு எழும் என்று கணித்து, அது அடங்கும்வரை அடுத்த வரியைப் பிடித்து வைத்திருக்கிறாரோ, அந்த இடைவெளிகள் தனியாகப் பார்ப்பவருக்கு வெறும் நிறுத்தமாகத்தான் படும். மேடையில் பழகிய நடிகர் அவர். அவருடைய கணக்கில் எதிரே எப்போதும் கூட்டம் உண்டு.

அவருடைய சிரிப்புப் பக்கத்தைத் தேடுபவர்கள் கடைசியாக ‘முதல் மரியாதை’க்கும் (1985) வர வேண்டும். பாரதிராஜா அவரிடமிருந்து ஆர்ப்பாட்டத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு எடுத்த படம் என்று எல்லோரும் சொல்வார்கள். கழற்றியபின் மிச்சம் இருந்தவற்றில் குறும்பும் ஒன்று. வீட்டில் வடிவுக்கரசியின் வசைகளுக்கு நடுவே வாயைத் திறக்காத மலைச்சாமி, பரிசல்காரப் பெண் குயிலுக்கு எதிரே வந்ததும் சின்னப் பையனாகிறார். சீண்டுகிறார், சீண்டலுக்குப் பொய்க்கோபம் காட்டுகிறார், மீன்குழம்பை ருசித்துச் சாப்பிடுகிறார். இளவட்டக்கல்லைத் தூக்க முடியுமா என்ற அவள் விளையாட்டுச் சவாலை மனதில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்தக் கல்லிடம் போகிறார். மூச்சைப் பிடித்து, முக்கி முனகி, தூக்கியே விட்டபின் அந்த முகத்தில் வரும் பெருமிதம் ஒரு பெரிய மனிதருக்குச் சற்றும் பொருந்தாதது. அதனால்தான் தியேட்டரில் கைத்தட்டலும் சிரிப்பும் ஒன்றாக எழுந்தன.